மருந்தா, தண்ணீரா

இரண்டாவது ஊசிக்காகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பொடிசு காத்திருந்தாள். சிஸ்டர் உள்ளே வந்தபோது கையில் ஊசித் தட்டு இல்லை. கதவைச் சாத்திவிட்டு, “உட்காருங்க” என்றாள்.

“உட்கார்ந்துதானே இருக்கேன், சிஸ்டர்.”

இந்த மாதிரிப் பேச்சுக்கு வாய்விட்டுச் சிரிக்கிற பெண் அவள். அன்று சிரிக்கவில்லை. “காலையில யூரின் குடுத்தீங்கல்ல? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டோம். நீங்க கர்ப்பமா இருக்கீங்க.”

பொடிசு சுருட்டிய கையை மெதுவாக இறக்கிவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷம். டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து, மாத்திரை, ஸ்கேன் என்று அலைந்து, கடைசியில் ‘போதும், உனக்கு நான், எனக்கு நீ’ என்று கணவனும் அவளும் விட்டுவிட்டிருந்தார்கள். எத்தனை மாதம் இந்த ஒரு சொல்லுக்காக ஏங்கியிருப்பாள்! இப்போது அது வந்திருக்கிறது. ஆனால் சந்தோஷம் தலையை நீட்டுவதற்குள் பயம் முந்திக்கொண்டது. முதல் ஊசி ஏற்கெனவே உடம்புக்குள் போய்விட்டதே.

“கர்ப்பமாகாம கவனமா இருக்கணும்னு ஆய்வுல சேரும்போதே சொல்லியிருந்தோமே” என்றாள் சிஸ்டர்.

“கவனமாத்தான் இருந்தோம்.” பொடிசு தரையைப் பார்த்தாள். “ஒரே ஒரு நாள் தவிர.”

உயரம் குறைவு என்பதால் கணவன் வைத்த பெயர்தான் பொடிசு. அதுவே வீட்டிலும் அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கடையிலும் நிலைத்துவிட்டது. வருகிறவர்களின் முகத்துக்கு நேராக முகம் வைத்து, மூக்குத்தண்டு எங்கே, காது எங்கே என்று பார்த்து, ஃபிரேமை வளைத்துச் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்களோடு அவனுடைய அக்காவும் இருந்தாள். முந்தின வருஷம் ஊரையே படுக்கப் போட்ட வறட்டுக் காய்ச்சலில் அக்காவும் அவள் கணவரும் ஒன்றாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தாள். அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த மூக்குக்கண்ணாடி. பொடிசு அவருக்காகவே தன் கையால் மாட்டிக் கொடுத்தது அது. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பையை வாங்கி வந்தவளும் அவள்தான். அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்திருக்கிறார்கள், போட்டுப் பார்க்க ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் கேட்காமல் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள்.

ஆய்வை நடத்திய டாக்டர் வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, சுற்றி வளைக்கத் தெரியாத பெண்மணி.

“இந்த மருந்து வயித்துல இருக்கற குழந்தைக்குக் கெடுதல்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் கிடையாது. கெடுதல் இல்லைன்னு சொல்லவும் கிடையாது. எலிகளுக்குப் போட்டுப் பாத்ததுல குட்டிகளுக்கு ஒண்ணும் ஆகலை.”

“நான் எலி இல்லையே, டாக்டர்.”

“இல்ல. அதனாலதான் தெரியலைன்னு சொல்றேன்.” டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். “உங்களுக்குப் போட்டது மருந்தாவே இல்லாம இருக்கலாம். பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணிதான் போடுறோம். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். இந்த மாதிரி நேரத்துல அதைத் திறந்து பாக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுல பேசிட்டு வாங்க. ரெண்டாவது ஊசி உங்களுக்குக் கிடையாது. ஆனா குழந்தை பிறந்து வளர்ற வரைக்கும் உங்களை நான் விடமாட்டேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவன் முதலில் அவளைத் தூக்கிவிட்டான். இறக்கிவிட்ட பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே அப்படியே காய்ந்துபோனது.

அடுக்களையிலிருந்து அக்கா கரண்டியும் கையுமாக வந்தாள். “ஏண்டி, ஊருல வேற கையே இல்லையா? உன் கையைத்தான் நீட்டணுமா? எட்டு வருஷம் கழிச்சு ஒண்ணு உண்டாகியிருக்கு. அதுக்குள்ள என்னத்தை ஊத்திட்டு வந்திருக்கே?”

“உங்க வீட்டுக்காரருக்காகத்தான் அக்கா போனேன்.”

“அவர் கேட்டாரா? நான் கேட்டேனா?” அக்காவின் குரல் உடைந்தது. கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கணவன் விடவில்லை. “நாளைக்கே போய்த் திறந்து பாக்கச் சொல்லு. தண்ணின்னு சொல்லிட்டா நிம்மதியாத் தூங்கலாம்.”

“மருந்துன்னு சொல்லிட்டா?”

அக்கா வைத்துவிட்டுப் போன கரண்டியை எடுத்து அவன் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

“சொல்லுங்க. மருந்துன்னா என்ன செய்வோம்? வேணாம்னு கலைச்சிடுவோமா?”

“அப்படியெல்லாம் பேசாத.”

“அப்ப எதுக்குக் கேக்கணும்? ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் இதைப் பெத்துக்கத்தான் போறேன். மருந்துன்னு தெரிஞ்சா பிறக்கற வரைக்கும் தினம் செத்துச் செத்துப் பிழைப்பேன். தெரியாம இருந்தா பாதி நாளாவது நல்லா இருப்பேன்.”

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. ஆனாலும் பிறகு வந்த வாரங்களில் அவள் பாதி நாள் நன்றாக இருந்தாளா என்றால், இல்லை. குமட்டல் வந்தால் மருந்தோ என்று பயம். வராமல் போனால் குழந்தைக்கு என்னவோ என்று பயம். கடையில் குழந்தைகள் கண்ணாடி மாட்டிக்கொள்ள வந்தால் அவர்களுடைய காது, கண், நெற்றி என்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டாக்டர் தானே கூட வந்து நின்றார். திரையில் ஒரு சின்னப் புள்ளி துடிதுடித்தபோது கணவன் அழுதுவிட்டான். “பொடிசுக்குள்ள ஒரு பொடிசு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். “இது வரைக்கும் நல்லா இருக்கு” என்றார் டாக்டர். எப்போதும் அந்த ‘இது வரைக்கும்’ ஒட்டிக்கொண்டேதான் வந்தது.

வீட்டில் மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லாத வேண்டுதல் ஒன்றுதான். அது தண்ணீராக இருக்க வேண்டும்.

வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த சமயம், காய்ச்சல் மறுபடியும் வந்தது.

முதலில் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு என்றார்கள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கண்ணாடிக் கடையில் ஒரு ஆள், பொடிசு அவர் காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே, முகத்துக்கு நேராக இருமினார். வறட்டு இருமல். பாறையில் கம்பியால் தட்டுகிற மாதிரிச் சத்தம். அவள் ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி, தோல் எரிகிற வரைக்கும் முகத்தைக் கழுவினாள். முதலாளி அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். “வீட்டுக்குப் போம்மா, எல்லாம் சரியான பிறகு வரலாம்” என்றார்.

கர்ப்பிணிகளுக்கு வந்தால் தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் அக்கா மெதுவாகக் கேட்டாள்: “ஏண்டி, அது ஒருவேளை மருந்தாவே இருந்திருந்தா, உனக்கு இது வராதுல்ல?”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நேற்று வரைக்கும் எதற்குப் பயந்தார்களோ, இன்று அதற்காகவே ஏங்க ஆரம்பித்திருந்தார்கள். பொடிசுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கணவனுக்கு வேலையை விட்டுவிட்டு உட்கார முடியவில்லை. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் நோயாளியை எப்படி இறக்குவது? ஒருநாள் நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஒரு வயதானவரையும் அவர் மகளையும் கைகொடுத்து இழுத்து வெளியே எடுத்தான். அவர் இருமிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, சொன்ன கையோடு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான். சில நாளில் உடம்பு அனலாகக் கொதித்தது.

அக்காவுக்குப் போன வருஷமே வந்து போனதால் இவ்வளவு சீக்கிரம் மறுபடி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காதான் உள்ளே போனாள், கஞ்சி கொடுத்தாள், துணி நனைத்துப் போட்டாள். பொடிசு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவாள்.

“எப்படி இருக்கு?”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. யாராவது நல்ல மெக்கானிக்காப் பாத்துக் கூப்பிடு.”

இரண்டு நாள் கழித்து அவன் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டான். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கதவு வழியாகக் கேட்டது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. “நேரா ஆஸ்பத்திரிக்கே போய் ஆளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்” என்று அக்கா கிளம்பினாள். படியிறங்கும்போதே திரும்பிப் பார்த்து, “என்ன ஆனாலும் நீ அந்தக் கதவைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்” என்றாள்.

அக்கா போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

“என்னங்க?”

பதில் இல்லை. கதவில் காதை வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது, ஆனால் கீழேயிருந்து, தரையிலிருந்து கேட்டது. கர்கர் என்று, நடுவில் நின்று நின்று.

“என்னங்க, ஒரு வார்த்தை பேசுங்க.”

அவள் கை கதவுக்குப் போயிற்று. இன்னொரு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அப்படியே நின்றாள். பிறகு ஃபோனை எடுத்து, எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று டாக்டர் கொடுத்திருந்த எண்ணை அழுத்தினாள். டாக்டராவது ஃபோனை எடுத்தார்.

“டாக்டர், திறந்து பாருங்க. இப்பவே. எனக்குப் போட்டது என்னன்னு இப்பவே தெரியணும்.”

“என்ன ஆச்சு?”

சொன்னாள். சொல்லும்போதே உள்ளே மூச்சு மறுபடி நின்று தொடர்ந்தது.

“திறக்கறேன். ஒரு நிமிஷ வேலைதான்” என்றார் டாக்டர். “ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. மருந்துதான்னே வெச்சுக்குவோம். அது உங்களைக் காப்பாத்துமா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வையே நடத்துறோம். அதுவும் நீங்க ஒரு ஊசிதான் போட்டிருக்கீங்க. நான் சொல்ற பதிலை நம்பி நீங்க உள்ள போகக் கூடாது. போகாம இருக்கவும் கூடாது.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?” கத்திவிட்டாள்.

“போங்கன்னு என் வாயால சொல்ல முடியாது. போகாதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கப்போறதில்ல, உங்க குரல்லயே தெரியுது. போறதா இருந்தா நான் சொல்ற மாதிரிப் போங்க. வீட்டுல மாஸ்க் இருக்கா? ரெண்டு போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு. ஃபோனை ஸ்பீக்கர்ல வெச்சுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அவள் போட்டாள். சாத்தினால் உள்ளே தானாக விழுந்துகொள்கிற தாழ்ப்பாள், வெளியே இருந்து நெம்பினால் திறக்கும். கடையில் ஃபிரேம் வளைக்கிற குறடு கைப்பையில் இருந்தது. அதை வைத்து நெம்பித் திறந்தாள்.

அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை.

“முதல்ல ஜன்னல்” என்றது டாக்டரின் குரல். “எல்லாத்தையும் திறங்க. அவர்கிட்ட அப்புறம் போங்க.”

திறந்தாள்.

“இப்ப அவரைப் புரட்டணும். குப்புறப் படுத்தா நுரையீரலுக்குக் காத்து கொஞ்சம் நல்லாப் போகும். நீங்க தூக்கக் கூடாது. இழுக்கக் கூடாது. அவர் முழங்காலை மடக்குங்க, தோளைப் புடிச்சு உங்க பக்கமா உருட்டுங்க. முகத்தை அவருக்கு நேரா வைக்காதீங்க, திருப்பிக்குங்க.”

நாளெல்லாம் மனுஷர்கள் முகத்துக்கு நேராக முகம் வைத்தே பிழைத்தவள், கட்டின கணவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி அவன் தோளைப் பற்றினாள். அவள் உயரத்துக்கு அவன் மலை மாதிரி இருந்தான். முதல் தடவை அசையவே இல்லை. “வாங்க, வாங்க, எம் மேலயே வாங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது தடவை உருண்டான். மார்புக்குக் கீழே தலையணையை நுழைத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பிவைத்தாள். அடிவயிற்றில் சுரீரென்று ஒரு வலி இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி நின்றது.

“என்ன சத்தம் கேக்குது?” என்றார் டாக்டர்.

“இருமுறார்.”

“நல்லது. இருமட்டும். இப்ப வெளிய வாங்க. வாசல்ல நின்னு அவர் மூச்சைக் கேட்டுட்டே இருங்க. நிக்கற மாதிரி இருந்தா எங்கிட்ட சொல்லுங்க.”

அவள் வாசலில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது. ஃபோனில் டாக்டர் எதுவும் பேசவில்லை. போகவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆம்புலன்ஸ் ஆட்களை முன்னால் தள்ளிக்கொண்டு படியேறி வந்தபோது, கதவு திறந்திருப்பதையும் பொடிசு அங்கே உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். திட்டுவாள் என்று பொடிசு நினைத்தாள். அக்கா திட்டவில்லை. அவளைத் தாண்டிப் போகும்போது தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை டாக்டர் மறுபடி அழைத்தார். “இன்னும் திறக்கலை. திறக்கட்டுமா?”

பொடிசு யோசித்தாள். “வேணாம் டாக்டர். தண்ணின்னு சொன்னீங்கன்னா, காய்ச்சல் வருதா வருதான்னு பாத்தே எனக்கு வந்துடும்.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். வீட்டிலேயே பக்கத்து அறையில் அவள் தனியாக இருந்தாள். தொண்டை லேசாக வறண்டால் போதும், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, அது சாதாரண வறட்சிதானா என்று இன்னொரு தடவை விழுங்கிப் பார்ப்பாள். சிஸ்டர் முழுக் கவச உடையில் வந்து மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்குச் சளி எடுத்துப் போவாள். ஒவ்வொரு தடவையும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் கணவனுக்கு இன்று பரவாயில்லை, இன்று மோசம், இன்று பரவாயில்லை என்று அக்கா வாசலில் நின்று சேதி சொல்வாள். இளைத்து, தாடி வளர்ந்து, இரண்டு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, ஒருநாள் அவன் வீடு வந்து சேர்ந்தான். பொடிசுக்குக் காய்ச்சல் வரவேயில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் அக்கா முதலில் பார்த்தது விரல்களை. எண்ணிப் பார்த்துவிட்டு, திருப்தியாகாமல் இன்னொரு தடவை எண்ணினாள். “சரியா இருக்குடி” என்றாள். பிறகு உட்கார இடம் தேடிச் சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் ஆய்வு முடிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது. கலந்துகொண்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவரவருக்குப் போட்டது என்ன என்று சொன்னார்கள். பொடிசு குடும்பத்தோடு போனாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “தண்ணி” என்றார். “உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி.”

கணவன் சத்தம் போட்டுச் சிரித்தான். “எட்டு மாசம் இந்தத் தண்ணிக்கா உயிரை விட்டோம்!”

பொடிசு சிரிக்கவில்லை. கதவை நெம்பித் திறந்த அந்த மத்தியானம் முழுசாகக் கண்முன் வந்து நின்றது. அந்த அறைக்குள் அவளிடம் இரண்டு துணி மாஸ்க் தவிர வேறு ஒன்றுமே இருந்திருக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், உள்ளே கால் வைத்தபோது ஏதோ ஒன்று உடம்பில் காவலாக இருக்கிறது என்று எங்கோ ஒரு மூலையில் நம்பித்தான் இருந்திருக்கிறாள். இப்போது புரிந்தது.

“அப்ப நான் எதுக்குமே உதவலையா, டாக்டர்?”

“தண்ணி போட்டுக்கிட்டவங்கள்ல எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்துது, மருந்து போட்டுக்கிட்டவங்கள்ல எத்தனை பேருக்கு வந்துதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தோம். அதை வெச்சுத்தான் மருந்து வேலை செய்யுதுன்னே எங்களால சொல்ல முடிஞ்சது. உங்க பக்கம் ஆள் இல்லாம இது முடியாது.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க பக்கத்துல நிறையப் பேருக்கு வந்தது. உங்களுக்கு வரலை. அதுக்கு எங்கிட்ட விளக்கம் கிடையாது. சந்தோஷம் மட்டும்தான் இருக்கு.”

பொடிசு குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். “என்னை மாதிரி வேற யாராவது இருந்தாங்களா? நடுவுல கர்ப்பமானவங்க?”

“இருந்தாங்க. சில பேருக்கு நிஜ மருந்து போட்டிருந்தது. அவங்க குழந்தைங்களும் நல்லாத்தான் இருக்கு.” இந்தத் தடவையும் டாக்டர், “இது வரைக்கும்” என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கோ தெரியாத வீடுகளில் அந்தப் பெண்கள் எத்தனை தரம் விரல்களை எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பொடிசு. ஒருத்தியையாவது பார்த்துப் பேச வேண்டும் போல இருந்தது. பேர் சொல்லமாட்டார்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

“இப்ப உங்களுக்கு நிஜ மருந்து போடலாம்” என்றார் டாக்டர். “பால் குடுக்கறவங்களுக்கும் போடலாம்னு முடிவாகியிருக்கு. கட்டாயம் இல்ல.”

அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். கணவன் பொடிசின் பக்கத்தில் வந்து நின்றான். சிஸ்டர் தட்டோடு வந்தாள். முதல் தடவை ஒரு சிரிப்போடு கையை நீட்டிய பொடிசு இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே போவது என்ன என்று தெரிந்த பிறகு பயமாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போட்டு முடித்து, அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. பொடிசு ஊசி போடாத கையால் அதை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.